பேசாத திரையும் பெரிய மாப்பிள்ளையும்

"அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னாடி உட்கார்ந்து நான் ஒத்தை எழுத்து தட்டினேன்னு வைங்க, அன்னிக்கே என் பேரை மாத்தி வச்சுக்கறேன்!"

இந்தச் சபதம் நான்காவது மாடிக் கூட்ட அறையில், ஒன்பது பேர் சாட்சியாக, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு எடுக்கப்பட்டது. எடுத்தவருக்கு வயது நாற்பத்தேழு. சபதம் எடுக்கும்போது கை எதன் மேலாவது இருக்க வேண்டும் என்பதால், அவருடைய வலது கை தம் மவுஸின் மேல் இருந்தது. கூட்டத்துக்கு மவுஸை எடுத்துக்கொண்டு வந்த ஒரே ஆள் அவர்தான்.

மாற்றிக்கொள்வதாக அவர் சொன்ன அந்தப் பெயர், அலுவலகத்தில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே மறந்துபோயிருந்தது. எல்லாருக்கும் அவர் 'பெரிய மாப்பிள்ளை'. மாமியார் வீட்டில் புழங்க வேண்டிய பட்டம் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குள் எப்படி நுழைந்தது? சின்ன மாப்பிள்ளையும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்ததால் நுழைந்தது.

அவர் மட்டும் இருந்த ஒன்பது வருடமும் அந்த வீட்டில் அவர் வெறும் 'மாப்பிள்ளை'. மனைவியின் தங்கைக்குக் கல்யாணமான அன்றுதான் 'பெரிய' வந்து ஒட்டிக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் பதவி உயர்வு மாதிரி இருக்கும். அவரைக் கேட்டால் அது பாகப்பிரிவினை.

புதிதாக வந்தவர் முறைக்குச் சகலை. சகலை என்பது வினோதமான உறவு. அண்ணனுக்குத் தம்பி உண்டு, மாமனாருக்கு மருமகன் உண்டு, மேலே ஒருவர் கீழே ஒருவர் என்று ஓர் ஒழுங்கு இருக்கும். சகலைக்கு மட்டும் சகலைதான். இவர் அவருக்கு என்னவோ, அவரும் இவருக்கு அதேதான். இந்தச் சமத்துவம் பெரிய மாப்பிள்ளைக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சகலை அவரை மரியாதையாக 'அண்ணே' என்று கூப்பிட்டார். அவரோ 'சகலை' என்பதை, வாயில் அகப்பட்ட கல்லைத் துப்புகிறவர் போலச் சொல்லிவந்தார்.

நிறுவனம் நூலகங்களுக்கு மென்பொருள் செய்கிறது. யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார், எப்போது திருப்பித் தருவார் என்று கணக்கு வைக்கிற மென்பொருள். வாரம் முழுக்கத் திருத்தியதை வெள்ளிக்கிழமை சர்வரில் ஏற்ற வேண்டும். பதினான்கு வருடமாக அந்த வெள்ளிக்கிழமை பெரிய மாப்பிள்ளையுடையது.

காலை பத்து மணிக்குச் சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடிப்பார். திரையில் இரண்டு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறப்பார். முப்பத்தெட்டு ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக மவுஸால் பிடித்து, இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலுக்கு இழுத்துப் போடுவார். "யாரும் இந்தப் பக்கம் நடக்காதீங்க, மேஜை ஆடும்" என்று எச்சரிக்கை வேறு. மாடியே காலை மெதுவாக வைத்து நடக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு எழுந்து நின்று, "ஏத்தியாச்சு!" என்று ஒரு குரல் கொடுப்பார். எல்லாரும் கைதட்டுவார்கள். வாரத்தில் மற்ற நாள்களில் அவர் மூச்சுவிட்டது இந்தக் கைதட்டலை நினைத்துத்தான்.

சகலை சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தார். பேச்சு குறைவு. கறுப்புத் திரையில் நாலு எழுத்து தட்டுவார், நாற்காலியில் சாய்வார். திரையும் ஒன்றும் பேசாது, அவரும் பேசமாட்டார்.

"என்ன ஆச்சு?" என்று யாராவது கேட்டால், "ஆயிடுச்சு" என்பார்.

இந்த 'ஆயிடுச்சு' பெரிய மாப்பிள்ளையின் வயிற்றில் போய் எரிந்தது. சகலையின் தலைமுடி அவருக்குப் பொறுக்கவில்லை. சகலையின் நாற்காலி கிரீச்சிடாமல் இருந்தது பொறுக்கவில்லை. அலுவலகத்தோடு நின்றிருந்தாலாவது சாயங்காலம் ஆறு மணிக்குமேல் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கும். பொறாமை வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தது.

"நாலாயிரம் படம்ங்க!" என்றார் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை. "கம்ப்யூட்டர்ல இருந்த அத்தனை போட்டோவுக்கும் தேதியோட பேர் வச்சுக் குடுத்துட்டாரு தங்கச்சி வீட்டுக்காரர். ஒரே ஒரு வரிதான் அடிச்சாரு. நான் டீ ஆத்தறதுக்குள்ள முடிஞ்சுது."

"டீ ரொம்பச் சூடா இருந்திருக்கும்."

"உங்ககிட்டதானே போன வருஷம் சொன்னேன்?"

"நான் ஒவ்வொண்ணாப் பார்த்துப் பார்த்து வச்சுக்கிட்டு வரேன். மூஞ்சியைப் பார்க்காமலே பேர் வைக்கறது என்ன பழக்கம்? நாளைக்குப் புள்ளைக்கும் இப்படித்தான் வைப்பானா?"

"சரி, எத்தனை வச்சீங்க?"

"அறுபத்திரண்டு" என்றார் பெரிய மாப்பிள்ளை, எண்ணுக்குரிய கம்பீரத்தோடு.

அன்று மாலை மாமியார் போனில் பேசினார். "சின்ன மாப்பிள்ளை வாயையே திறக்கறதில்லை, ஆனா காரியம் பாட்டுக்கு நடந்துடுது."

"அப்ப நான், அத்தை?"

மாமியார் நியாயமானவர், யோசித்துத்தான் பதில் சொல்வார். "நீங்க நல்லாப் பேசுவீங்க மாப்பிள்ளை."

இந்த நிலைமையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் வந்தது. மேனேஜரம்மா சுற்றிவளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். புது சர்வர் வருகிறது. யூனிக்ஸ் வகை. அதில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது, ஜன்னல் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்தாகத் தட்டினால்தான் வேலை நடக்கும்.

"மூணு மாசம் டைம் தரேன். அப்புறம் யாருக்குக் கறுப்புத் திரையில ஏத்தத் தெரியுதோ, வெள்ளிக்கிழமை அவங்களுக்கு."

எல்லார் கண்ணும் சகலைமேல் போயிற்று. பெரிய மாப்பிள்ளையின் கை மவுஸின் மேல் போயிற்று. சபதம் பிறந்தது.

மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்த சோதனைக்காரம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். "புதுப் பேரு என்னன்னு இப்பவே சொல்லிடுங்க சார். அடையாள அட்டை அடிக்க நாலு நாள் ஆகும்."

மறுநாளே பெரிய மாப்பிள்ளை கற்கத் தொடங்கினார். இதை யாரும் முரண்பாடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தட்ட மாட்டேன் என்றுதான் சொன்னாரே தவிர, படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. மூன்றாவது மாடியில் காகிதக் கட்டுகள் அடுக்கும் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கீழே போனதும் அவர் அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். யூனிக்ஸ் பாடப் புத்தகத்துக்கு 'எடையைக் குறைக்கும் எளிய வழிகள்' என்ற புத்தகத்தின் அட்டையைப் போட்டிருந்தார். இதனால் அவர் பத்தியம் இருக்கிறார் என்று மாடி முழுக்கச் செய்தி பரவியது. தினம் மதியச் சாப்பாட்டைத் தவறவிட்டதில் நிஜமாகவே நாலு கிலோ குறைந்தது.

மூன்று நாள் படித்தார். படித்து மட்டும் வெள்ளிக்கிழமையைக் காப்பாற்ற முடியாது என்று நான்காம் நாள் தெரிந்தது. தட்டினார். சாட்சி யாரும் இல்லாததால் அது தட்டியதில் சேராது என்று தமக்குத் தாமே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

யூனிக்ஸைச் செய்தவர்கள் எழுத்தில் சிக்கனக்காரர்கள். நகலெடுக்க இரண்டு எழுத்து, நகர்த்த இரண்டு எழுத்து, அழிக்கவும் இரண்டே எழுத்து. அழிப்பதற்கு முன்னால் 'நிஜமாகத்தானா?' என்று ஒரு வார்த்தை கேட்கிற பழக்கமும் கிடையாது. ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டாம் என்றாலே மூன்று முறை கேட்டு உறுதிசெய்கிற குடும்பத்தில் பெண் எடுத்தவருக்கு இது பெரிய அதிர்ச்சி.

முதல் தடை, அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு அவரே வைத்த பாஸ்வேர்டு. அவர் பழகிய ஜன்னல்களில் பாஸ்வேர்டு தட்டினால் எழுத்துக்கு ஒன்றாகப் புள்ளி விழும். கறுப்புத் திரையில் ஒன்றுமே விழாது. உள்ளே வாங்கிக்கொள்ளும், வெளியே காட்டாது. பெரிய மாப்பிள்ளை கீபோர்டு கெட்டுவிட்டது என்று முடிவுசெய்து, கருவிகள் கொடுக்கிற ஸ்டோர்காரரிடம் வேறு வாங்கினார். அதுவும் கெட்டிருந்தது. மூன்றாவதும் கெட்டிருந்தது.

"சார், மூணும் நல்லாத்தான் இருக்கு" என்றார் ஸ்டோர்காரர். "இதோ பாருங்க, என் பேரை அடிச்சா வருது."

"உங்க பேர் வரும். என் பாஸ்வேர்டு வரலையே!"

"என்ன பாஸ்வேர்டு, சொல்லுங்க, நான் அடிச்சுப் பார்க்கறேன்."

பெரிய மாப்பிள்ளை திடுக்கிட்டு மூன்றாவது கீபோர்டை அணைத்துக்கொண்டு படியேறினார். அந்தப் பாஸ்வேர்டு, சகலையைப் பற்றிய ஒரு கருத்து.

இரண்டாவது சம்பவத்துக்கு இவ்வளவு சின்னதாய் முடிந்துவிடும் யோகம் இல்லை.

சர்வர் மாறப்போவதை நூலகங்களுக்கு மெயிலில் சொல்ல வேண்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்த முந்நூறு நூலகங்களின் முகவரிகளைப் பழைய பட்டியலின் அடியில் சேர்க்கும்படி மேனேஜரம்மா அவரிடம் சொன்னார். மவுஸால் இரண்டு நிமிட வேலை. ஆனால் காலையில்தான் சகலை ஏதோ இரண்டு எழுத்து தட்டி மேனேஜரம்மாவிடம் "பிரமாதம்" வாங்கியிருந்தார். வயிறு இன்னும் ஆறவில்லை. பெரிய மாப்பிள்ளை காகித அறைக்குப் போய், புத்தகத்தைப் பார்த்து, ஒரு பட்டியலை இன்னொன்றின் அடியில் ஒட்டுகிற கட்டளையைக் கறுப்புத் திரையில் எழுத்துக்கூட்டித் தட்டினார்.

திரை ஒன்றும் சொல்லவில்லை.

அவர் காத்திருந்தார். 'ஏத்தியாச்சு' என்று சொல்லி வளர்ந்த மனிதர் அவர். ஒரு வேலை முடிந்தால் அதை யாராவது எழுந்து நின்று சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை என்றால் முடியவில்லை. மறுபடி தட்டினார். மௌனம். காதில் விழவில்லையோ என்று என்டர் பட்டனைக் கொஞ்சம் அழுத்திக் குத்தினார். மௌனம். பதினோரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, 'சகலைக்கு மட்டும்தான் கேட்கும் போல' என்று வெறுத்துப்போய், மேலே வந்து மவுஸால் செய்துகொள்ளலாம் என்றிருந்தவர் அதற்குள் வேறு வேலை வந்து மறந்தும்போனார்.

மறுநாள் காலை முந்நூறு நூலகங்களுக்கும் 'சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்' என்ற மெயில் தலா பதினோரு தடவை போயிற்று. ஒரு நூலகரிடமிருந்து பதில் வந்தது: 'நீங்கள் இவ்வளவு வருந்துமளவுக்கு எங்களுக்கு எந்தச் சிரமமும் ஏற்படவில்லை. மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.'

மேனேஜரம்மா மாடி நடுவில் வந்து நின்றார். "யார் செஞ்சது?"

பட்டியல் இருந்தது, சகலை ஏற்கெனவே பார்த்துவந்த கறுப்புத் திரைச் சர்வரில்; அதற்குள் எல்லாரும் ஒரே பொதுப் பெயரில் நுழைவதுதான் வழக்கம். ஆனால் யார் எதைத் தட்டினாலும், தேதியும் நேரமும் மெஷினும் போட்டு வரிவரியாக ஒரு கோப்பில் விழுந்துவிடும். இது பெரிய மாப்பிள்ளைக்கு அந்த நிமிடம் வரை தெரியாது. மேனேஜரம்மா சகலையைப் பார்த்து, "அந்தக் கோப்பை எடுங்க, எந்த மெஷின்லேர்ந்து வந்ததுன்னு பார்த்துடலாம்" என்றபோது தெரிந்தது. பதினான்கு வருட வெள்ளிக்கிழமைகள் அவர் கண்முன்னால் ஜன்னல் ஜன்னலாக மூடின.

சகலை திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார்.

"இது என் தப்புங்க. ஒரே முகவரி ரெண்டு தடவை ஏறாம ஒரு தடுப்பு வச்சிருக்கணும், வைக்கலை. இப்ப வச்சுட்டேன். இனிமே எல்லாருக்கும் தனித்தனிப் பேரும் போட்டுக் குடுத்துடறேன்."

கூட்டம் கலைந்தது. டீ இயந்திரத்தின் அருகே சகலை பக்கத்தில் வந்து நின்றார். கோப்பையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, அது ஒண்ணும் சொல்லலைன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். தப்பாப் போனாத்தான் பேசும்."

அவ்வளவுதான். போய்விட்டார்.

வேறு யாராக இருந்தாலும் கண் கலங்கியிருப்பார்கள். பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு இரண்டு மடங்கு எரிந்தது. வேலை அவனுக்கு, பேர் அவனுக்கு, தலைமுடி அவனுக்கு. மிச்சமிருந்தது பெருந்தன்மை ஒன்றுதான், அதையும் அவனே எடுத்துக்கொண்டானா?

வீட்டில் மனைவி, "என்ன, இன்னிக்குச் சத்தத்தையே காணோம்?" என்றார்.

"சகலை நல்லவன்" என்றார் பெரிய மாப்பிள்ளை, ஒரு நோயின் பெயரைச் சொல்வதுபோல.

மறுநாள் மதியம் காகித அறையில் அவர் திறந்தது, எல்லாரும் தட்டியது வரிவரியாக விழுந்துகிடந்த அந்தக் கோப்பை. நோக்கம் நேர்மையானது: சகலையின் குறை ஏதாவது கண்ணில் படாதா என்று தேடுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்வருக்குள் வருகிற ஒரே ஆள் சகலை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வரிகளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான வரிகளில் கண்ணால் தேடி மாளாது. வரிகளைச் சலித்தெடுக்கும் கட்டளையைப் புத்தகத்தில் தேடிப் படித்தார். சலித்ததை எண்ணும் கட்டளையோடு அதை, யூனிக்ஸ்காரர்கள் 'குழாய்' என்கிற கோட்டை நடுவில் போட்டு இணைத்தார். இரண்டு வாரம் சாப்பாட்டு நேரமெல்லாம் இதிலேயே போயிற்று. பாடப் புத்தகத்தின் ஆறு அத்தியாயங்களைப் பொறாமை அவருக்குத் தானாகவே நடத்தி முடித்தது.

கடைசியில் அகப்பட்டது.

பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டுகிற 'டார்' என்று ஒரு கட்டளை உண்டு. சகலை அதை இரண்டு வருடத்தில் இருபத்துமூன்று தடவை பயன்படுத்தியிருந்தார். இருபத்துமூன்று தடவையும் அதற்கு முந்தின வரியில், 'டாரை எப்படிப் பயன்படுத்துவது?' என்று கேட்டு, சர்வருக்குள்ளேயே இருக்கும் அதன் கையேட்டைத் திறந்து படித்திருந்தார். கோப்புகளைப் பட்டியலிடும் இரண்டு எழுத்துக் கட்டளையை எழுத்து மாற்றித் தட்டி நாற்பது தடவை திட்டு வாங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரே கட்டளையை ஒன்பது விதமாகத் தட்டி ஒன்பதிலும் தோற்று, பத்தாவது வரியில் கையேட்டைத் திறந்திருந்தார்.

"அவனுக்கும் தெரியாது!" என்று பெரிய மாப்பிள்ளை காகிதக் கட்டுகளிடம் சொன்னார். கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அப்படி மலர்ந்ததில்லை என்று காகிதக் கட்டுகளுக்கு வாயிருந்தால் சொல்லும். அவருக்குத் தெரியாதது எல்லாம் சகலைக்கும் தெரியவில்லை. ஒரே வித்தியாசம், சகலை ஒவ்வொரு தடவையும் கேட்டுத் தெரிந்துகொண்டார், சத்தம் போடாமல்.

அன்று முதல் கையேட்டைத் திறப்பதில் அவருக்கு வெட்கம் போயிற்று. அவரது இலக்கு இருபத்துமூன்றுக்குள் நிற்பது.

மூன்று மாதம் முடிந்தது. ஆளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை என்றார் மேனேஜரம்மா. முதல் வாரம் சகலை ஏற்றினார், ஆறு நிமிடம். அடுத்த வாரம் பத்து மணிக்குப் பெரிய மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்தார். முப்பத்தெட்டு ஃபோல்டர்களையும் மூட்டை கட்டி, அனுப்பி, அவிழ்த்து, ஒவ்வொன்றும் முழுசாய்ப் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கிற கட்டளைகளை ஒரே கோப்பில் எழுதி வைத்திருந்தார். டாருக்கு மட்டும் கையேட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டார், ஏழாவது தடவை. என்டரைத் தட்டினார்.

நாலு நிமிடத்தில் முடிந்தது. திரை ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை மறுபடி தட்டவில்லை.

எழுந்தார். "ஏத்தி—" வரை தொண்டைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் சபதம் ஞாபகம் வந்தது. 'ஏத்தியாச்சு' என்று கத்தினால், கறுப்புத் திரையில் தட்டினேன் என்று ஒன்பது சாட்சிகள் முன்னால் ஒப்புக்கொள்வதாகும். உட்கார்ந்தார். பழைய இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, மவுஸை இப்படியும் அப்படியும் இழுக்கத் தொடங்கினார். "யாரும் இந்தப் பக்கம் நடக்காதீங்க" என்றார். குரலில் பழைய பலம் இல்லை.

பன்னிரண்டு மணிக்குச் சோதனைக்காரம்மா வந்து நின்றார். "சார், புதுசு பத்து மணி அஞ்சு நிமிஷத்துக்கே ஏறிடுச்சே. நான் பாதி சோதிச்சே முடிச்சுட்டேன். நீங்க இன்னும் எதை இழுத்துக்கிட்டு இருக்கீங்க?"

"மேஜையைத் துடைக்கறேன்."

"மவுஸால?"

மேனேஜரம்மா சகலையிடம் கேட்டார். "என்னுதை விட ரெண்டு நிமிஷம் கம்மி" என்றார் சகலை. "அதோட அண்ணன் முப்பத்தெட்டையும் சரிபார்த்திருக்காரு. எனக்கு அது தோணலை. வெள்ளிக்கிழமை அண்ணனுக்கே இருக்கட்டும்."

'இருக்கட்டும்னு சொல்ல இவன் யாரு?' என்று வயிற்றில் பழைய தீ ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு என்ன நினைத்ததோ, படுத்துக்கொண்டது. நாலு மணி நேர வெள்ளிக்கிழமைக்காகச் சண்டை போட்டு நாலு நிமிட வெள்ளிக்கிழமையை ஜெயித்திருந்தார். கைதட்டல் இல்லை. யாரும் சபதத்தைப் பற்றியும் கேட்கவில்லை. சோதனைக்காரம்மாகூட மிச்சப் பாதியைச் சோதிக்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சகலை மட்டும் இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தார். பெரிய மாப்பிள்ளை காகித அறைக்குப் போகவில்லை. தம் மேஜையிலேயே கறுப்புத் திரையைத் திறந்தார். வரியின் தொடக்கத்தில் சகலை அவருக்குப் போட்டுக் கொடுத்த பெயர் மினுங்கியது: 'பெரியவர்'. பயனர் பெயரை மாற்றுகிற கட்டளையைக் கையேட்டில் தேடிப் படித்துத் தட்டினார்.

திரை வாயைத் திறந்தது. இந்தப் பெயரில் ஆள் உள்ளே இருக்கிறார், மாற்ற முடியாது என்றது.

நியாயம்தான். வெளியே வந்தார். வெள்ளிக்கிழமையோடு சேர்த்துக் கொடுத்திருந்த நிர்வாகி வாசல் வழியாக உள்ளே போய், மறுபடி ஒரே ஒரு தடவை தட்டினார்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. மவுஸை மேஜை இழுப்பறையில் வைத்து மூடிவிட்டுத் தம் வாசல் வழியாகத் திரும்ப உள்ளே வந்தார்.

இப்போது சர்வருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று சகலையின் திரையில் எப்போதும் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். அதில் 'பெரியவர்' காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் 'சகலை' என்று ஒரு புதிய பெயர் இருந்தது. சகலை அதை மேலிருந்து கீழே ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார்.

"அண்ணே..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."